குப்பை அரசியல் – 9: துடைப்பம் பிடித்த வாக்காளர்

1894 நவம்பரில் நியூயார்க் மக்கள், நகரத்தை ஆண்டுவந்த டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பைத் தோற்கடித்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். பாதிரியார் பார்க்ஹர்ஸ்ட் பிரசங்க மேடையிலிருந்து மூட்டிய தீயும், லெக்ஸோ விசாரணைக் குழுவின் முன் வெளிவந்த போலீஸ் மாமூல் கதைகளும் சேர்ந்து வில்லியம் ஸ்ட்ராங் என்ற ஜவுளி வியாபாரியை மேயராக்கின. டாமனியின் தலைவர் ரிச்சர்ட் குரோக்கர் இங்கிலாந்துக்குப் போய்ப் பந்தயக் குதிரைகள் வளர்க்கத் தொடங்கினார்.

1895 ஜனவரி 1 அன்று ஸ்ட்ராங் பதவியேற்றார். நல்ல துறைகளுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தெருச் சுத்தத் துறைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டுப் பார்த்தார். அவர் மறுத்துவிட்டு, சில மாதம் கழித்து போலீஸ் துறைக்கு வந்தார்.

கடைசியில் ஒப்புக்கொண்டவருக்கு வயது 61. பெயர் ஜார்ஜ் வேரிங். உள்நாட்டுப் போரில் குதிரைப்படைக் கர்னல். அதற்கு முன்பு சென்ட்ரல் பார்க்கின் சதுப்பு நிலத்தை வடியவைத்த பொறியாளர். 1878இல் மஞ்சள் காய்ச்சல் மெம்பிஸ் நகரில் 5,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போன பிறகு, அந்த நகரத்துக்குப் புதிய கழிவுநீர்க் குழாய்கள் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

மேயரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: என் துறையில் யாரை வைப்பது, யாரை நீக்குவது என்பதில் யாரும் தலையிடக் கூடாது.

ஸ்ட்ராங் சம்மதித்தார். இந்த வாரக் கதை முழுவதும் அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான்.

* * *

அன்றைய நியூயார்க் தெருவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வண்டி இன்னும் வரவில்லை. நகரத்தின் சரக்கு, பால், பனிக்கட்டி, பியர் பீப்பாய், சவம் எல்லாமே குதிரையை நம்பித்தான் நகர்ந்தன. ஒரு குதிரை நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவுக்குச் சாணம் போடும். கருங்கல் பாவிய தெருக்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சந்துகளில் அது அடைந்து இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் கூழாகும். வெயில் காய்ந்தால் பொடியாகி வீட்டு ஜன்னல் வழியே உள்ளே போகும். நடைபாதை ஓரத்தில் பீப்பாய்கள். அவற்றில் அடுப்புச் சாம்பலும் சமையல் கழிவும் கிழிந்த துணியும் ஒன்றாகக் கலந்து வழியும். வெயில் நாட்களில் செத்த குதிரைகள் தெருவிலேயே கிடக்கும். 1880ஆம் ஆண்டில் மட்டும் நகராட்சி அப்புறப்படுத்திய குதிரைகள் சுமார் 15,000.

கீழ்க்கிழக்குப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் வாழ்ந்தார்கள். குழந்தைகளுக்கு விளையாட இருந்த ஒரே இடம் இந்தத் தெருதான். கோடைக்காலத்தில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாக இறந்தன.

இத்தனைக்கும் துறை இல்லாமல் இல்லை. 1881இலேயே போலீஸிடமிருந்து பிரித்துத் தனித் துறை ஆக்கிவிட்டார்கள். ஆட்கள் இருந்தார்கள், வண்டிகள் இருந்தன, சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏன் தெரு அப்படிக் கிடந்தது?

பெருக்குபவருக்கு வேலை கொடுத்தது துறை அல்ல, டாமனியின் வட்டத் தலைவர். அவர் சிபாரிசுச் சீட்டு இல்லாமல் துடைப்பம் கைக்கு வராது. வேலை கிடைத்தவர் தன் ஓட்டையும் வீட்டில் உள்ள ஆண்களின் ஓட்டையும் கட்சிக்குக் கடன்பட்டவர். அவர் வேலைக்கு வராவிட்டாலும், வந்து சாராயக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் மேஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியாது. மேஸ்திரியும் அதே வட்டத் தலைவர் வைத்த ஆள்தானே!

டாமனி ஏழைகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கப்பலை விட்டு இறங்கிய அயர்லாந்துக்காரருக்கும் இத்தாலியருக்கும் முதல் வேலையும், குளிர்காலத்தில் ஒரு கூடை நிலக்கரியும், சாவு வீட்டுக்கு ஆள் துணையும் கொடுத்தது அதுதான். ஆனால் அந்த உதவிக்கான விலையை அதே ஏழையின் தெருவில், அதே ஏழையின் குழந்தையிடம் வசூலித்தார்கள். வேலை ஓட்டுக்கானது என்று ஆகிவிட்ட இடத்தில், தெரு சுத்தமாக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

வேரிங் வந்ததும் ஆட்களைக் கூண்டோடு வெளியேற்றுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேற்பார்வையாளர்களைத்தான் மாற்றினார். பொறியியல் படித்த இளைஞர்களையும் ராணுவப் பழக்கம் உள்ளவர்களையும் அந்த இடங்களில் வைத்தார். பெருக்குபவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எந்தக் கட்சி என்று கேட்கமாட்டேன், வேலை செய்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

வட்டத் தலைவர்களின் அதிகாரத்தில் விழுந்த முதல் அடி அது.

* * *

அடுத்த அடி, வண்டிகளின் மேல் விழுந்தது.

இரவானால் குதிரைகளை அவிழ்த்து லாயத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு, சரக்கு வண்டிகளைத் தெருவோரத்திலேயே விட்டுச் செல்வது வழக்கம். ஒன்றிரண்டு அல்ல, நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில். வண்டிக்கு அடியில் துடைப்பம் போகாது. அங்கே சாணமும் கழிவும் சேர்ந்து மேடு தட்டும். இரவில் திருடர்கள் பதுங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. சட்டப்படி இது தப்புதான். ஆனால் வண்டிக்காரரின் ஓட்டு டாமனிக்கு, தெருவோரம் வண்டிக்காரருக்கு என்று நெடுநாளாக ஒரு பேசாத ஒப்பந்தம் நடந்துவந்தது. பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் இந்தக் கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

வண்டிகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார் வேரிங்.

நகராட்சி முற்றத்தில் வண்டிகள் வந்து குவிந்தன. அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போக வேண்டும். ஊரே கொதித்தது. பிடிக்கப் போன ஆட்களோடு கைகலப்பு நடந்தது. சின்ன வண்டிக்காரர்களின் கோபத்தில் நியாயமும் இருந்தது. பெரிய கம்பெனிக்காரர் இடம் வாடகைக்குப் பிடித்துக்கொள்வார். ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவர் எங்கே போவார்? இந்தக் கேள்விக்கு வேரிங்கிடம் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. டாமனிக்காரர்கள் அந்தக் கோபத்தை ஒவ்வொரு தெருமுனையிலும் கவனமாகச் சேமித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வண்டிகள் போன இடத்தில் தெரு தெரிந்தது. 1893இல் எடுத்த மார்ட்டன் தெருப் படத்தையும் 1895இல் அதே இடத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பத்திரிகையில் போட்டார்கள். முதல் படத்தில் சேறும் குப்பையும் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவதில் வாசற்படி முதல் எதிர்ச்சாரி வரை கல் தளம் சுத்தமாகத் தெரிகிறது.

* * *

வேரிங்கின் நாற்காலி ஆட்டம் கண்டது 1895 வசந்த காலத்தில். அடி டாமனி பக்கத்திலிருந்து வரவில்லை.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டையிட்ட வீரர்களின் சங்கம், கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். குடியரசுக் கட்சியின் ஓட்டு வங்கியே அதுதான். அரசு வேலைகளில் பழைய வீரர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று அது வலியுறுத்தி வந்தது. வேரிங்கின் துறையில் நீக்கப்பட்டவர்களில் சிலர் பழைய வீரர்கள். சங்கம் குரல் எழுப்பியது.

பொறுமை வேரிங்கின் குணம் அல்ல. சங்கத்தின் பெரும் பகுதி பென்ஷனுக்காக அலையும் கூட்டம் என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன கடுஞ்சொற்கள் அச்சேறிவிட்டன.

அவரும் அதே போரில் குதிரை ஏறியவர்தான். அதனாலேயே பழைய வீரர்களின் ஆத்திரம் இரட்டிப்பானது. ராஜினாமா செய் என்று நாலா பக்கமும் கூச்சல். மாநிலத் தலைநகர் ஆல்பனி வரை கண்டனம் போனது. மேயரைத் தேர்ந்தெடுத்த அணியில் குடியரசுக் கட்சிக்காரர்களே பாதி. அவர்களே மேயரின் அறைக்கு வந்து இவரை அனுப்புங்கள் என்றார்கள்.

ஸ்ட்ராங் அந்த நேரத்தில் தலையசைத்திருந்தால் கதை நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். கொள்கைக்காகத் தலை கொடுக்கும் மனிதர் அல்ல அவர். சமரசம் செய்து பழகிய வியாபாரி. ஆனாலும் வேரிங்கை விட்டுக்கொடுக்கவில்லை. தெரு சுத்தமாகிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டது என்பதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். நீக்கினால் ஏன் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டி வரும்.

வேரிங் தப்பினார். ஆனால் சீர்திருத்தக்காரர்களின் சொந்த அணிக்குள்ளேயே அவருக்குப் பகை விளைந்துவிட்டது. அந்தப் பகைக்கான விலையைப் பிறகு பார்ப்போம்.

* * *

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வெள்ளைச் சீருடை.

குப்பை அள்ளுகிறவருக்கு வெள்ளைக் கித்தான் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி! ஊர் சிரித்தது. பெருக்குபவர்களே கூச்சப்பட்டார்கள். வேரிங் அசையவில்லை. மருத்துவமனையை நினைவூட்டும் நிறம் அது. இவர்கள் செய்வதும் உயிர் காக்கும் வேலைதான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்றார். இன்னொரு பயனும் இருந்தது. அந்த உடையோடு வேலை நேரத்தில் சாராயக்கடைக்குள் நுழைந்தால் தெருக்கோடியிலிருந்தே தெரியும்.

ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு தெருப் பகுதி. இரண்டு சக்கரச் சட்டத்தில் வாய் திறந்து தொங்கும் சாக்குப் பை, துடைப்பம், சுரண்டி, மண்வெட்டி, தண்ணீர் தெளிக்கப் பூவாளி. சாணத்தை ஓரத்தில் குவித்துவிட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போதே பைக்குள் போய்விடும். காற்று அதை மறுபடி கலைக்காது. ஊரைத் தெருத்தெருவாகத் திருத்தியது பெரும்பாலும் இந்தச் சின்ன ஏற்பாடுதான்.

என்னை இந்தக் கதையில் மிகவும் நிறுத்தி வைப்பது வேறொன்று. பெருக்குபவர்களும் வண்டியோட்டிகளும் தங்களுக்குள்ளேயே 41 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கூடிப் பேசும்போது அதிகாரிகள் யாரும் உள்ளே வரக் கூடாது. அங்கே தீராத குறை, பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் போகும். அதில் ஐந்து பேர் தொழிலாளர்கள், ஐந்து பேர் அதிகாரிகள். அபராதம் போட்டது தப்பு, மேஸ்திரி திட்டினார், குதிரைக்குக் காலில் புண் என்று எல்லாவற்றையும் அங்கே சொல்லலாம். பெரும்பாலான வழக்குகள் கமிஷனர் மேசை வரை வரவே இல்லை.

இதுவரை குறை சொல்ல வட்டத் தலைவர் வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு, இப்போது அவர் தேவைப்படவில்லை. டாமனியை உள்ளுக்குள் அரித்தது இந்த 41 பேர் குழுதான் என்பது என் கணிப்பு.

1896 மே 26. ஐந்தாம் அவென்யூவில் அணிவகுப்பு. வெள்ளுடையில் பெருக்குபவர்கள் வரிசை வரிசையாக, பின்னால் துலக்கிய வண்டிகள், சீவிவிட்ட குதிரைகள், பேண்டு வாத்தியம். முன்னால் குதிரை மேல் கர்னல். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கேலி செய்யவே வந்தவர்கள் நிறைய. அணி நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றது. பிறகு கைதட்டல். தன் அப்பாவை வெள்ளுடையில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அன்று எப்படி இருந்திருக்கும்! வெள்ளைச் சிறகுகள் என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது.

* * *

அதே 1896இல் வேரிங் வீட்டுக்குள் கை வைத்தார்.

அதுவரை நகரக் குப்பையில் பெரும் பங்கைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டியது நியூ ஜெர்சி கரைக்கும் லாங் ஐலண்டு கரைக்கும் மிதந்து திரும்பும். இனி அது கூடாது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தொட்டி வைக்க வேண்டும்: சமையல் கழிவுக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, காகிதம், துணி, தகரம் போன்ற உலர்ந்த குப்பைக்கு ஒன்று. சமையல் கழிவு பேரன் தீவில் இருந்த ஆலைக்குப் போகும். அங்கே ராட்சதக் கொப்பரைகளில் நீராவியில் வேகவைத்துக் கொழுப்பைப் பிழிந்தெடுப்பார்கள். கொழுப்பு சோப்புக்கு, சக்கை உரத்துக்கு. சாம்பல் பள்ளம் தூர்க்க. உலர்ந்ததைப் பொறுக்கிப் பிரித்து விற்கலாம்.

இன்று நம் வாசலில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி கேட்கிறார்களே, அதேதான். 1896இல்!

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பாருங்கள். மூன்று தொட்டிக்கு இடம் எங்கே என்றார்கள் குடியிருப்புச் சொந்தக்காரர்கள். படகுகளில் கந்தல் பொறுக்கும் உரிமையை நகராட்சிக்குக் காசு கட்டி எடுத்து, ஏழை இத்தாலியரைக் கொண்டு பொறுக்கவைத்துச் சம்பாதித்த இடைத்தரகர்களுக்கு வருமானம் ஆட்டம் கண்டது. பேரன் தீவின் நாற்றம் காற்றில் வருகிறது என்று சுற்றுவட்டாரக் கரைவாசிகள் முறையிட்டார்கள். அது உண்மையான முறையீடு. பிரிக்காதவர்கள் மேல் போலீஸ் நடவடிக்கை வந்தபோது, என் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்க நீ யார் என்ற கோபம் சாதாரண மக்களிடமும் மூண்டது.

இங்கேதான் வேரிங் குழந்தைகளைத் தேடிப் போனார். குடியேறிகளின் பிள்ளைகளைக் கொண்டு சிறுவர் தெருச் சுத்தச் சங்கங்கள் தொடங்கினார். பேட்ஜ் குத்திய பிள்ளைகள், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குத் தொட்டி விதிகளைத் தங்கள் மொழியில் விளக்கினார்கள். போலீஸ் தட்டித் திறக்காத கதவு அவர்களுக்குத் திறந்தது.

* * *

1897 நடுவில் வேரிங் ஒரு கணக்கு வெளியிட்டார். 1882 முதல் 1894 வரை ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 26.78 பேர் இறந்தார்கள். 1895இல் அது 23.10. 1896இல் 21.52. 1897இன் முதல் பாதியில் 19.63. இதே விகிதம் ஆண்டு முழுதும் நீடித்தால், பழைய சராசரிப்படி இறந்திருக்க வேண்டியவர்களில் 15,000 பேர் உயிரோடிருப்பார்கள் என்றார்.

இதில் எல்லாமே துடைப்பத்தின் பலன் அல்ல. 1895இல்தான் நகரச் சுகாதாரத் துறை தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நச்சு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அதுவும் ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றியது. குப்பையின் துர்வாடையே நோய் தருகிறது என்ற வேரிங்கின் நம்பிக்கையும் தவறு. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கையோடு அவர் செய்த வேலை சரியானது. எத்தனை கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கும் உயிர்கள் ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் முந்தைய பதின்மூன்று வருடங்களின் கணக்கு? அன்றும் துறை இருந்தது, பணம் இருந்தது, துடைப்பம் இருந்தது. வட்டத் தலைவரின் சீட்டுக்காகத் தெருவைப் பெருக்காமல் விட்டதன் விலை எத்தனை ஆயிரம் குழந்தைகள்? அந்த நாட்களில் யாரும் இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை.

* * *

1897 நவம்பர் 2. தேர்தல்.

இது பழைய நியூயார்க்குக்கான தேர்தல் அல்ல. புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் தீவு எல்லாம் அடுத்த ஜனவரி 1 முதல் ஒரே மாநகரமாகப் போகின்றன. அதன் முதல் மேயர் யார் என்பதுதான் போட்டி.

குரோக்கர் இங்கிலாந்திலிருந்து திரும்பிவிட்டார். ஊருக்கு அவ்வளவாகத் தெரியாத நீதிபதி ராபர்ட் வான் விக்கை நிறுத்தினார். சீர்திருத்தக்காரர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் சேத் லோவை நிறுத்தினார்கள். குடியரசுக் கட்சித் தலைவர் தாமஸ் பிளாட் அவரை ஏற்கவில்லை. தன் பங்குக்குப் பதவி கிடைக்காத சீர்திருத்தம் அவருக்கு எதற்கு? பெஞ்சமின் டிரேசி என்பவரைத் தனியாக நிறுத்தினார். நான்காவதாக நின்ற பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ், வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால் இறந்துபோனார்.

தேர்தலில் குப்பையைப் பற்றி டாமனி அதிகம் பேசவில்லை. பேசியது ஞாயிற்றுக்கிழமை பியரைப் பற்றி. ரூஸ்வெல்ட் ஞாயிறு மதுக்கடை மூடல் சட்டத்தை விடாப்பிடியாக அமல்படுத்தியதில், வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் குடும்பத்தோடு பியர் குடிக்கப் போகும் ஜெர்மானியத் தொழிலாளர்கள் சீர்திருத்த ஆட்சியையே வெறுத்துவிட்டார்கள். முற்றத்தில் அபராதம் கட்டிய வண்டிக்காரர், தொட்டிக்காக போலீஸிடம் பேச்சு வாங்கிய கடைக்காரர், அவமானப்பட்ட பழைய வீரர் என்று ஒவ்வொருவராக வாக்குச்சாவடிக்கு வந்தார்கள்.

வான் விக் 2,33,997. லோ 1,51,540. டிரேசி 1,01,863.

தோற்ற இருவரின் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள்: 2,53,403. சீர்திருத்த அணி உடையாமல் இருந்திருந்தால் டாமனி ஜெயித்திருக்காது.

அன்று இரவு டாமனி தொண்டர்கள் சீர்திருத்தம் நாசமாய்ப் போகட்டும் என்று கோஷமிட்டுக்கொண்டே தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மூன்று வருடமாக வெள்ளைச் சிறகுகள் பெருக்கி வைத்திருந்த அதே தெருக்கள்.

வருடம் முடிந்ததும் வேரிங் விலகினார். அவர் இடத்துக்கு டாமனியின் ஆள் ஜேம்ஸ் மக்கார்ட்னி வந்தார். வெள்ளைச் சீருடையைக் கழற்றச் சொல்லப் புதிய ஆட்சிக்குத் துணிவில்லை. மக்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. ஆனால் குரோக்கருக்கு உடை முக்கியமே அல்ல. அதைப் போட்டுக்கொள்பவரின் பெயரை யார் எழுதுவது என்பதுதான் முக்கியம். மூன்று வருடமாகக் காத்திருந்த வட்டத் தலைவர்கள் கையில் பட்டியலோடு வாசலில் நின்றார்கள்.

மூன்று தொட்டிகளுக்குப் பழகிவிட்ட வீடுகள், கேட்க ஆள் இல்லாவிட்டாலும் குப்பையைப் பிரித்துக்கொண்டே இருக்குமா? அப்படியே பிரித்து வைத்தாலும், அதைப் பிரித்தபடியே எடுத்துப் போகும் வண்டி அந்த வாசலுக்கு வருமா?

(தொடரும்)